நிறம், சுவை, மணம்: கொங்கு நாட்டு நீரின் வரலாறு

திருவள்ளுவர் தம் நூலில் கடவுள் வாழ்த்தை முதலில் வைத்தார். அதனை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இறைவனைப் போற்றிய நாவு அடுத்து மழையைப் போற்றுவதே முறை என்பது அப்பெரியார் கண்ட ஒழுங்கு. நம் மத்ரஸாக்களில் ஓதப்பெறும் ஃபிக்ஹுக் கிதாபுகளைத் திறந்து பார்ப்போரும் இதே ஒழுங்கைக் காண்பர். தொழுகை, நோன்பு, ஜகாத்து ஆகிய அனைத்துக்கும் முன்னதாக, தூய்மையைப் பற்றிய பாடமே முதற்பாடமாக நிற்கிறது. அப்பாடத்தின் வாயிலிலேயே தண்ணீரைப் பற்றிய சட்டங்கள் வந்துவிடுகின்றன. பத்து வயதுச் சிறுவன் அறபு எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் அவன் கற்கும் முதல் ஆராய்ச்சி, "நீர் என்பது யாது? அது எப்போது நீராக இருக்கிறது? எப்போது நீர் என்னும் பெயரை இழக்கிறது?" என்பதேயாகும்.

இக்கேள்விகளை உளூச் செய்வதற்கு மட்டும் உரியவை என நம்மில் பலர் கருதி, ஹவ்லின் ஓரத்திலேயே விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். ஆனால் கொங்கு நாட்டின் அண்மைக்கால வரலாற்றைப் படிப்போர்க்கு, ஓர் ஆற்றின் வாழ்வும் சாவும் இக்கேள்விகளையே சுற்றி நின்றது விளங்கும். அவ்வரலாற்றை வெள்ளகோவிலில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

ஏழு வகை நீர்

ஷாஃபி மத்ஹபின் தொடக்க நூலாக நம் நாட்டில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வரும் அபூ ஷுஜாஃ அவர்களின் சிறுநூல், தூய்மை செய்வதற்குத் தகுந்த நீரை ஏழாக வகுக்கிறது: மழைநீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர், பனி நீர், ஆலங்கட்டி நீர். நீரின் பிறப்பிடங்களை இதனினும் சுருக்கமாகவும் நிறைவாகவும் எண்ணிக் காட்டுதல் அரிது. இன்றைய புவியியலாரும் இவ்வேழையும் கடந்து புதியதொரு பிறப்பிடத்தைக் காட்டுவதில்லை. அவை ஒன்றோடொன்று எவ்வாறு வட்டமிட்டு இணைகின்றன என்பதையே விரித்துரைக்கின்றனர். உலகத்து நீரில் நூற்றுக்கு 97 பங்கு கடலில் உப்பாகக் கிடக்கிறது. எஞ்சிய நன்னீரில் பெரும்பகுதி துருவங்களிலும் மலைமுடிகளிலும் பனிக்கட்டியாக உறைந்துள்ளது. மனிதனும் மாடும் மரமும் பங்கிட்டுக் கொள்வது மீந்த மிகச் சிறு பங்கினையே.

வெள்ளகோவிலுக்குக் கடலும் இல்லை, பனிமலையும் இல்லை. எனினும் அவ்வூர் மண்ணில் விழும் ஒவ்வொரு துளியும் கடலிலிருந்தே வருகிறது. அரபிக் கடலில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, வால்பாறைப் பக்கத்தில் 3,000 மில்லிமீட்டருக்கும் மேலாகப் பொழிகிறது. அங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவே கிழக்கில் உள்ள காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்துக்கு வரும்போது அக்காற்று தன் ஈரத்தை மலையிலேயே இறக்கிவிட்டு வறண்ட காற்றாக வீசுகிறது. ஆண்டு முழுவதும் சேர்த்து இங்கே பெய்யும் மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்பது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. ஒரே மலைத்தொடர் ஒரு பக்கத்தாருக்கு வெள்ளத்தையும் மறுபக்கத்தாருக்குத் தாகத்தையும் தருகிறது.

நிலத்தின் அடியிலும் இதே சிக்கனம்தான். கொங்கு நாட்டின் அடித்தளம் கடும்பாறை. தஞ்சையில் வண்டலும் மணலும் நீரைக் கொள்வதுபோல் இங்கே பாறை நீரைக் கொள்வதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே ஒரு தோட்டத்துக் கிணறு பொங்க, அடுத்த தோட்டத்துக் கிணறு வறண்டிருப்பது இங்கே வியப்பன்று.

வறட்சி கற்பித்த வாழ்வு

இம்மண்ணில் வாழ்ந்தோர் நீரின் அளவறிந்து வாழ்வை வகுத்தனர். நிலத்தை வயல் என்றும், தோட்டம் என்றும், காடு என்றும் பிரித்தனர். ஆறும் வாய்க்காலும் பாயும் இடம் வயல். கிணற்றால் விளைவது தோட்டம். மழையை மட்டும் நம்பியிருப்பது காடு. காட்டை உழுது உழுது மண்ணைக் காற்றுக்குக் கொடுத்துவிடாமல், வேலி கட்டி மேய்ச்சல் நிலமாக விட்டனர். கிளுவை வேலியும், உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே நிழலுக்கு வெள்வேல மரங்களுமாக அமைந்த அந்தக் கொறங்காடுகளே காங்கேயம் காளையை வளர்த்தன. குறைந்த மழையில் முளைக்கும் புல்லை உண்டு, வெயிலைத் தாங்கி, ஆழக் கிணற்றிலிருந்து நீரை இழுக்கும் வலிவு பெற்ற மாடு அது. கிணற்று மேட்டில் கவலை ஓட்டிய தலைமுறையினர் சில ஊர்களில் இன்றும் உளர். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, சால் நிறைந்து மேலேறி வாய்க்காலில் கவிழும். ஒரு சால் நீருக்கு மாடு எத்தனை அடி நடக்க வேண்டும் என்பது உழவனுக்குத் தெரிந்திருந்தது. நடக்கும் மாடு களைத்தால் கிணறும் ஓய்ந்தது. நீர் எடுப்பதற்கு இயற்கையே ஓர் எல்லை கட்டியிருந்தது எனலாம்.

1932-ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோவையில் நூற்பாலைகளைப் பெருக்கியது. அதனோடு தோட்டத்துக் கிணறுகளில் மின்மோட்டாரையும் கொணர்ந்தது. கோவையே மோட்டாரும் பம்பும் செய்து நாடெங்கும் அனுப்பும் நகரமாயிற்று. உழவனின் முதுகும் மாட்டின் கழுத்தும் இளைப்பாறின, அது பேருதவியே. ஆனால் களைப்பில்லாத பொறி வந்தபின் கிணற்றுக்கு ஓய்வு இல்லாமற் போயிற்று. கிணறு வற்றியபோது அதனுள்ளேயே துளையிட்டனர். அதுவும் வற்றியபோது ஆழ்குழாய்க் கிணறு வந்தது.

ஈண்டு ஒரு செய்தியை நினைவூட்டுதல் தகும். அல்கரஜி என்னும் கணித அறிஞர், கி.பி. 1017-ஆம் ஆண்டை ஒட்டி, மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணர்வது பற்றி அறபு மொழியில் ஒரு தனிநூல் இயற்றினார். எந்த மலையடிவாரத்தில், எந்தச் செடி முளைத்த இடத்தில் நீர் அடங்கியிருக்கும் என்பதையும், நிலத்தடிக் கால்வாயை எவ்வாறு வெட்டிக் காப்பது என்பதையும் கூறும் அந்நூல், ஒரு கிணற்றைச் சுற்றி விட வேண்டிய காப்பெல்லையைப் பற்றியும் பேசுகிறது. 'ஹரீம்' என்று சட்டநூலார் குறிப்பது இவ்வெல்லையே. கால்நடைக்காகத் தோண்டிய கிணற்றுக்கு நாற்பது முழம் என்பது வழிவழி வந்த அளவு. அவ்வெல்லைக்குள் வேறொருவர் கிணறு தோண்டி முன்னவரின் ஊற்றை அறுப்பதற்கு அனுமதி இல்லை. அவர் காலத்திலேயே வாழ்ந்த அல்பீரூனி, ஊற்று நீர் தன் பிறப்பிடத்தின் மட்டத்தை நோக்கியே எழும்புகிறது என்பதை விளக்கினார். ஒருவர் நிலத்தில் எடுக்கும் நீர் அவர் நிலத்தின் அடியில் மட்டும் இருப்பதன்று. அது மண்ணுக்குள் பிறர் பங்கோடு தொடர்புடையது என்னும் உண்மை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆயிரம் அடி ஆழத்துக்கு இறங்கும் இக்காலத்து ஆழ்குழாய்க்கு நாற்பது முழம் போதாது என்பது உண்மை. காப்பெல்லை வேண்டும் என்னும் நீதி மட்டும் பழைமைப்படவில்லை.

மேல்மடையும் கடைமடையும்

மலைக்கு மேற்கே வீணாகக் கடல் புகும் நீரைக் கிழக்கே திருப்பினால் கொங்கின் வறட்சி தீருமென்று கண்டதன் பயனே பரம்பிக்குளம் – ஆழியாறுத் திட்டம். 1961-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அதனைத் தொடங்கி வைத்தார். தமிழகமும் கேரளமும் 1970-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் இதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அது 1958-ஆம் ஆண்டு நவம்பர் 9 முதல் செல்லுபடியாகும் என வகுக்கப்பட்டது. ஆனைமலையின் ஆறுகள் அணைகளாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களாலும் பிணைக்கப்பட்டன. திருமூர்த்தி அணையிலிருந்து புறப்படும் கால்வாய், உடுமலை, பல்லடம், காங்கேயம் பகுதிகளைக் கடந்து வெள்ளகோவில் வரை வருகிறது. பாசனப் பரப்பு ஏறத்தாழ 3,77,000 ஏக்கர்; அதனை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து நீர் விடுகின்றனர்.

இக்கால்வாயின் கடைமடையே வெள்ளகோவில். கடைமடை என்னும் சொல்லின் பொருள் அறிய விரும்புவோர் அகராதியைப் புரட்ட வேண்டுவதில்லை. கால்வாய் திறந்த சேதி கேட்டு மடையருகே காத்து நிற்கும் உழவரைக் கண்டால் போதும். வழியில் வெயில் குடிப்பது ஒரு பங்கு, மண் குடிப்பது ஒரு பங்கு, முறைகேடாக இடையில் உறிஞ்சப்படுவது ஒரு பங்கு, மீதியே கடைமடைக்கு. தங்களுக்குரிய பங்கு வந்து சேரவில்லை என்று இப்பகுதி உழவர் பல்லாண்டுகளாக முறையிட்டும் போராடியும் வந்துள்ளனர். வெள்ளகோவிலை அடுத்த உத்தமபாளையத்தில் உள்ள வட்டமலைக்கரை ஓடை அணை, ஏறத்தாழ 6,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருவதற்காகக் கட்டப்பெற்றது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது நீரின்றி வறண்டு கிடந்து, 2021-ஆம் ஆண்டில்தான் திட்டக் கால்வாய் நீரைக் கண்டது. அணை கட்டுவது எளிது, அணைக்கு நீர் கொணர்வதே அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மேல்மடைக்கும் கடைமடைக்கும் இடையே எழும் வழக்கு புதியதன்று. மதீனாவிலும் அது எழுந்தது. ஹர்ராவின் பாறை நிலத்திலிருந்து இறங்கும் வாய்க்கால் நீரைக் குறித்து, ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரிகளுள் ஒருவருக்கும் வழக்கு உண்டாயிற்று. ஜுபைரின் தோட்டம் மேலே இருந்தது. மேலே உள்ளவர் தம் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு பின்னர் அண்டைவீட்டாருக்கு நீரைத் திறந்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் இணக்கமாகவே தீர்த்துவைத்தார்கள். எதிர்வழக்காடியவர் அதனை ஏற்காமல் குறைகூறியபோதே, மேல்மடைக்காரருக்குச் சட்டப்படி உள்ள முழு உரிமையையும் அறிவித்தார்கள். மதீனாவின் மஹ்ஸூர் ஓடையைக் குறித்த மற்றொரு தீர்ப்பில், மேலே இருப்பவர் கணுக்கால் அளவு நீர் நிறுத்திக்கொண்டு, அதன்பின் கீழே உள்ளவருக்கு விட்டுவிட வேண்டுமென அளவும் வகுத்தார்கள். மேல்மடைக்காரருக்கு முந்துரிமை உண்டு என்பதையும், அவ்வுரிமைக்கு ஓர் அளவு உண்டு என்பதையும் இத்தீர்ப்புகள் ஒருங்கே நிலைநாட்டுகின்றன. சட்டநூலார் பயிருக்குப் பாய்ச்சும் பங்கினை 'ஷிர்பு' என்றும், மனிதரும் விலங்கும் தாகம் தீர்க்கும் உரிமையை 'ஷஃபா' என்றும் பிரித்தனர். முன்னதற்குப் பங்கும் முறையும் உண்டு. பின்னதை எவருக்கும் மறுத்தல் இல்லை. 'ஷரீஅத்' என்னும் சொல்லே பழைய அறபு வழக்கில் நீர்த்துறைக்குச் செல்லும் வழியைக் குறித்தது என்பதை மொழிவல்லார் அறிவர்.

இந்நெறி ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரில், தூரியா ஆற்றின் எட்டு வாய்க்கால் உழவர்கள் தேர்ந்தெடுத்த நடுவர்கள், வியாழக்கிழமை தோறும் நண்பகலில் தேவாலயத்தின் வாயிலில் அமர்ந்து நீர் வழக்குகளைத் தீர்க்கின்றனர். வழக்கறிஞர் இல்லை, எல்லாம் வாய்மொழியே. அவ்வழக்கம் அங்கே முஸ்லிம்கள் ஆண்ட நாட்களில் வேர்விட்டது எனப் பெரிதும் கருதப்படுகிறது. அவ்வாய்க்கால்களுக்கு ஸ்பானியர் வழங்கும் 'அஸேக்கியா' என்னும் பெயர் 'அஸ்ஸாகியா' என்னும் அறபுச் சொல்லே. 2009-ஆம் ஆண்டில் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் அம்மன்றத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. ஆட்சி மாறியது, மொழி மாறியது, மதம் மாறியது. நீரைப் பங்கிட்ட நீதி மாறவில்லை. நியாயமான பங்கீடு எந்த அரசையும் விட நெடுநாள் வாழும் போலும்.

நொய்யல்

இதுவரை நீரின் அளவைப் பற்றிப் பேசினோம். இனி அதன் தன்மையைப் பற்றிப் பேசுவோம்.

வெள்ளகோவிலுக்கு வடக்கே ஓடுவது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலப்பது. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். இதன் வழியெங்கும் முன்னோர் தடுப்பணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளங்களைத் தொடர்போல் கோத்து வைத்தனர். ஒரு குளம் நிறைந்து வழியும் நீர் அடுத்ததற்குப் போகும். இதன் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே இரும்பும் எஃகும் உருக்கப்பட்டதையும், நீலமணிக் கற்கள் பட்டை தீட்டப்பட்டதையும், சாதாரண மக்களும் மட்பாண்டங்களில் தங்கள் பெயரைத் தமிழி எழுத்தில் கீறிவைத்ததையும் வெளிக்கொணர்ந்தன. சேர நாட்டுக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூர் செல்லும் வணிகப் பெருவழி இவ்வாற்றை ஒட்டியே சென்றது. ஆகவே நொய்யற்கரையில் தொழில் என்பது நேற்று வந்ததன்று.

பவானி ஆற்றைக் காவிரியோடு கலக்குமிடத்துக்கு அருகில் மறித்து, 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயர் வெட்டிய கால்வாய் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி, இந்நொய்யலில் வந்து முடிகிறது. ஓர் ஆற்றின் நீரை மற்றோர் ஆற்றோடு இணைத்த அப்பெருஞ்செயல் இன்றும் 15,000 ஏக்கருக்கு மேல் நனைக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் தழைத்தது. பனியன் என்றால் திருப்பூர் என்று இந்தியாவும், பின்னர் உலகமும் அறிந்தன. பருத்தித் துணிக்குச் சாயமேற்றுவதற்கு நீர் மிகுதியாக வேண்டும். சாயம் நூலில் பற்றிக்கொள்வதற்கு உப்பும் மிகுதியாக வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்வதில்லை. உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். அக்கழிவுநீர் நொய்யலில் விடப்பட்டது.

சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பெற்ற அணை 1992-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலம் அதனால் பயனடையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அணையில் தேங்கியது மழைநீர் மட்டுமன்று. திருப்பூரின் சாயக்கழிவும் அங்கேயே தங்கியது. சில ஆண்டுகளுக்குள் அந்நீர் பாய்ந்த நிலம் உவர்ந்தது. அணையைச் சுற்றியுள்ள கிணறுகள் கசிவினால் கரித்தன. மீன்கள் செத்து மிதந்தன. மாடுகள் முகர்ந்துவிட்டு விலகின. அணை வேண்டுமென்று கேட்ட உழவரே, அணையில் நீரைத் தேக்காதீர்கள், திறந்துவிடுங்கள் என்று மன்றாடும் நிலை வந்தது. வறண்ட கொங்கு நாட்டில், நிறைந்த அணையைக் கண்டு உழவன் அஞ்சிய காலம் அது ஒன்றே எனலாம்.

மூன்று பண்புகள்

நீர் எதையும் கரைத்துச் சுமக்க வல்லது. அதன் சிறப்பும் அதுவே, இடரும் அதுவே. மண்ணின் சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுப்பது அப்பண்பால். உணவின் சாரத்தை இரத்தமாக உடலெங்கும் கொண்டு செல்வதும் அப்பண்பால். நம் வீட்டு மண்பானையில் மெல்லக் கசிந்து ஆவியாகித் தன் வெப்பத்தைத் தானே நீக்கிக் குளிர்வது அதன் மற்றொரு பண்பு. உறையும்போது பிற பொருள்களைப் போலச் சுருங்காமல் விரிந்து மிதப்பதால், குளிர்நாட்டு ஏரிகளின் அடியில் மீன்கள் உயிர்வாழ்கின்றன. உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே ஆக்கியதாகத் திருமறை அறிவிப்பதன் ஆழம் இப்பண்புகளை எண்ண எண்ண விரிகிறது. ஆனால் கரைக்க வல்லது நல்லதை மட்டும் கரைக்கும் என்பதில்லை. சேர்ந்த நிலத்தின் இயல்பை நீர் ஏற்றுக்கொள்வதை வள்ளுவரும் உவமையாக்கினார்.

சட்டநூலார் நீரை நிறம், சுவை, மணம் என்னும் மூன்றால் ஆய்ந்தனர். ஷாஃபி மத்ஹபில் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் 'குல்லதைன்' அளவும், ஹனஃபி மத்ஹபில் பத்துக்குப் பத்து முழமுள்ள ஹவ்லும் 'பெருநீர்' எனக் கொள்ளப்படும். அத்தகைய பெருநீரும், ஓடும் ஆறும்கூட, அசுத்தம் கலந்து இம்மூன்றில் ஒன்று மாறிவிட்டால் தூய்மையை இழக்கும். தூய பொருளே கலந்தாலும், குங்குமப்பூ நீர்போல, மக்கள் அதனை வெறும் தண்ணீர் என்று அழைக்காத அளவுக்கு மாறினால், அதைக்கொண்டு உளூச் செய்தல் ஆகாது. மத்ஹபுகளுக்குள் இதன் விரிவில் வேறுபாடுகள் உண்டு. ஆயினும் அடிப்படை ஒன்றே. பெயர் மாறினால் சட்டமும் மாறும்.

நொய்யற்கரை மக்களை நோக்குக. அவர்கள் எந்தக் கிதாபும் ஓதியவர் அல்லர். எனினும் ஆற்றில் வந்ததை அவர்கள் தண்ணீர் என்று மட்டும் சொல்லவில்லை. 'சாயத் தண்ணீர்' என்றனர். மக்களின் நாவே தீர்ப்பை எழுதிவிட்டது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் 1990-களின் பிற்பகுதியிலும் அதன்பின்னும் அமைக்கப்பட்டன. அவை நிறத்தைக் குறைத்தன, மணத்தைக் குறைத்தன. ஆனால் கரைந்த உப்பை நீக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. கண்ணுக்குத் தெளிந்த நீர் நாவுக்கும் வேருக்கும் நஞ்சாகவே நின்றது. குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று என்பதும், வேறு நீரில்லாத இடத்தும் 2,000-ஐக் கடக்கலாகாது என்பதும் இந்தியத் தர அளவு. ஆலைக்கழிவுக்கு விதிக்கப்பட்ட வரம்பே 2,100. மூன்று பண்புகளுள் இரண்டைத் திருத்தி ஒன்றை விட்டால் நீர் திருந்தியதாகாது என்பதைப் பெரும்பொருள் செலவிட்டு இந்நாடு கற்றது. சட்டநூலார் 'ஒன்று மாறினும்' என்று வரையறுத்ததன் நுட்பம் இங்கே விளங்குகிறது அன்றோ?

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் சங்கமாகக் கூடி 2003-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். 2006 டிசம்பரில் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றுக்குச் செல்லாத முறையை அமைக்குமாறும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் காசுக் கணக்கில் தண்டம் செலுத்துமாறும் பணித்தது. 2009-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும் உழவர் பக்கமே நின்றது. கெடுத்தவரே கேட்டுக்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தியது. அதன்பின்னும் நிலை மாறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஒருசேர மூடின.

இவ்வரலாற்றை ஒருபக்கமாகக் கூறுதல் நீதியாகாது. அவ்வாலைகளை நம்பி வாழ்ந்தோர் பல்லாயிரவர். அவர்களுள் நம் சமுதாயத்தினரும் உண்டு. முதலாளியாகச் சிலர், கூலியாகப் பலர். ஆலை மூடியதும் ஊர் திரும்பிய குடும்பங்களின் துன்பம் சிறிதன்று. அரசின் வட்டியில்லாக் கடனும் புதிய பொறிமுறையும் துணைவர, சவ்வூடு பரவல் முறையாலும் ஆவியாக்கும் முறையாலும் நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்த ஆலைகள் கற்றன. தொழில் மீண்டது. முடியாது என்று பல ஆண்டுகள் கூறப்பட்டது, தீர்ப்பு இறுகியதும் முடிந்தது. ஆயின் ஆற்றங்கரை மண்ணிலும் கிணற்றிலும் படிந்த உப்பு எந்த ஆணைக்கும் உடனே கட்டுப்படுவதில்லை. அதனைக் கழுவுவதற்குப் பல மழைக்காலங்கள் வேண்டும். இன்றும் கள்ளத்தனமாகக் கழிவு விடப்படுவதாக அவ்வப்போது முறையீடுகள் எழுகின்றன.

தனக்கும் பிறருக்கும் தீங்கு விளைத்தல் ஆகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த பொதுவிதி. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பதும் அவர்களின் அறிவுரை. பங்காளியின் சொத்தில் நாம் எடுத்துக்கொள்ளலாம், கெடுத்துக் கொடுக்கலாகாது. ஹலாலான சம்பாத்தியம் என்பது விற்கும் பொருளை மட்டும் பார்த்து முடிவு செய்வதன்று. அது செய்யப்படும்போது எவருடைய கிணறு கரித்தது என்பதையும் பார்த்தே முடிவு செய்வது.

நம் கடமை

ஆற்றையும் ஆலையையும் அரசு பார்க்கட்டும் என்று நாம் ஓய்ந்துவிடலாமா? மதீனாவில் நீருக்குத் திண்டாட்டம் நேர்ந்தபோது, விலைக்கு விற்கப்பட்ட ரூமாக் கிணற்றைத் தம் பொருள் கொடுத்து வாங்கிப் பொதுவாக்கினார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். ஹாஜிகளின் தாகம் தீர, மக்காவுக்கு நீர் கொணரும் வாய்க்காலை அமைத்தார்கள் ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார். அத்தகைய செல்வம் நம்மிடம் இல்லாமற் போகலாம். செய்யத்தக்கவை பல உள.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் உளூச் செய்தார்கள். அது ஏறத்தாழ முக்கால் லிட்டர் என்பர். ஹனஃபிக் கணக்கில் சற்று மிகும். ஹவ்லில் முகந்து செய்த காலம் போய், குழாயைத் திறந்துவிட்டுச் செய்யும் காலம் வந்தபின், ஒருவர் உளூவுக்குப் பல லிட்டர் ஓடிவிடுகிறது. ஒருமுறை உளூச் செய்து வடிந்த நீரைக்கொண்டு மறுபடி உளூச் செய்தல் ஆகாது. ஆனால் மரத்துக்குப் பாய்ச்சத் தடையேதும் இல்லை. பள்ளிவாசல் தோறும் அந்நீரைச் சாக்கடைக்கு அனுப்பாமல் தென்னைக்கும் வாழைக்கும் அனுப்பினால், அது வீணாவதில்லை. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை பள்ளிவாசல்களில், மத்ரஸாக்களில், நம் வீடுகளில் அக்குழி இன்னும் தூர்வாரப்பட்டு இருக்கிறது என்பதை ஜமாஅத்துப் பெரியோர் ஒருமுறை பார்த்துவரலாம். கடும்பாறை நிலத்தில் ஒரு கூரையின் நீர் மண்ணுக்குள் இறங்கினால், அது எவரோ ஒருவரின் கிணற்றில் ஊறும்.

மத்ரஸாவில் நீரின் சட்டம் கற்பிக்கும் உஸ்தாதுகளும் அதனை ஹவ்லோடு நிறுத்தாமல், மாணவரை அருகிலுள்ள ஆற்றுக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்று, "இதன் நிறம் என்ன? மணம் என்ன? இதை நீர் என்று அழைப்பீர்களா?" என்று வினவினால், அப்பாடம் வாழ்நாள் முழுவதும் நிற்கும். நாளை அம்மாணவருள் ஒருவன் ஆலை வைக்கக்கூடும். ஒருவன் அரசு அலுவலில் அமரக்கூடும். ஒருவன் கடைமடையில் உழவனாக நிற்கக்கூடும்.

ஏனெனில் ஒவ்வொருவரும் எவருக்கேனும் மேல்மடைக்காரரே. வால்பாறையில் பெய்வது வெள்ளகோவிலுக்கு வரவேண்டும். திருப்பூரில் ஓடுவது கரூருக்குப் போகவேண்டும். நம் வீட்டு முற்றத்தில் வடிவது அண்டைவீட்டுக் கிணற்றைச் சேரவேண்டும். கணுக்கால் அளவு நிறுத்திக்கொண்டு, நிறமும் சுவையும் மணமும் மாறாமல் மீதியைத் திறந்துவிடும் நல்லெண்ணத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!